பூத்த மரத்தைப் படம் பிடிக்க: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. வறட்சி முடிந்து இரண்டு மழை விழுந்ததும் அங்கே தெக்கோமா, கொன்றை, அங்சானா என்று மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்திருக்கின்றன போலும்; கடிதங்களோடு படங்களும் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் அச்சில் போட இடமில்லை. அதனால் படத்தில் என்ன இருந்தது என்பதைப் பதிலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தமிழ்ப்பள்ளி வாசலில் உள்ள தெக்கோமா மரம் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. கைப்பேசியில் எத்தனை முறை எடுத்தாலும் படத்தில் அது வெளிறிப்போய், புகை படிந்த மாதிரி இருக்கிறது. என்ன செய்வது? – ஓர் ஆசிரியை

நீங்கள் அனுப்பிய படத்தில் மரம் நட்ட நடுவில் நிற்கிறது. பின்னால் முழுக்க வெள்ளை வானம். இடப்பக்கம் மின்கம்பம், வலப்பக்கம் பாதி வெட்டுப்பட்ட பள்ளிப் பெயர்ப்பலகை, கீழே மூன்று கார்கள். பூவில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றி இருப்பவைதான் படத்தைக் கெடுக்கின்றன.

முதலில் வானம். வெளிறிய பூவுக்குப் பின்னால் வெளிறிய வானம் இருந்தால் எந்தக் கேமராவாலும் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. அதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஃபிரேமில் வெள்ளை அதிகமாக இருந்தால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று கேமரா நினைத்துக்கொண்டு படம் முழுவதையும் இருட்டாக்கும். இளஞ்சிவப்பு சாம்பல் பூத்துப்போவது அதனால்தான். வேறு வழியே இல்லாமல் வெள்ளை வானத்தோடு எடுக்க வேண்டியிருந்தால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கைப்பேசியில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

ஆனால் அது ஒட்டுப்போடும் வேலைதான். சரியான வழி, கருத்த பின்னணியைத் தேடுவது. திரையைப் பார்க்காமல், மரத்தையும் பார்க்காமல், மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தபடி ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். உங்கள் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் குறைவில்லை. குன்று இல்லாத பக்கம் செம்பனை வரிசை இருக்கும்; அதுவும் இல்லையென்றால் நிழல் விழுந்த கட்டடச் சுவராவது இருக்கும். கரும்பச்சைக்கு முன்னால் வந்ததும் அதே பூ எழுந்து நிற்கும். இங்கே எக்ஸ்போஷர் கணக்கு தலைகீழாகிவிடும். கறுப்பு அதிகமானால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, பூவை வெள்ளையாக்கிவிடும். அதனால் இப்போது –0.3 முதல் –0.7 வரை இறக்க வேண்டும். வெள்ளைப் பின்னணிக்கு ஏற்று, கறுப்புப் பின்னணிக்கு இறக்கு: இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, எதைப் படமெடுக்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மரமா, கிளையா, பூங்கொத்தா? ஒரே படத்தில் மூன்றையும் காட்ட நினைத்தால் ஒன்றும் தேறாது.

மரம் என்றால், அதன் வடிவம் முழுதாகத் தெரிய வேண்டும். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தை வெட்டாதீர்கள். வெட்டினால் மரம் அந்தரத்தில் தொங்கும். நாலு பக்கமும் படத்தின் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி விடுங்கள். கிட்டத்தில் நின்று 0.5எக்ஸ் அகல லென்ஸில் அண்ணாந்து எடுப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அப்படி எடுத்தால் அடிமரம் பருத்து, உச்சி சிறுத்து, மரமே மல்லாக்கச் சாய்ந்துவிடும். இருபது மீட்டர் பின்னால் போய், கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, 2எக்ஸில் எடுங்கள். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் நாள்தான் முழு மரத்துக்கு உகந்த நாள்.

கிளை என்றால், வானத்தை முற்றாக வெளியே தள்ளிவிடலாம். 2எக்ஸ் அல்லது 3எக்ஸில், ஃபிரேமின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் ஒரு கிளையைப் பிடியுங்கள். அதற்குப் பின்னால் வேறு கிளை குறுக்கே வந்து வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மந்தாரமான நாளில் செய்ய ஏற்ற வேலை இது. கொத்து என்றால் இன்னும் நெருங்கிப் போங்கள். தெக்கோமாப் பூவின் குழல் வாய்க்குள் உள்ள மஞ்சள் நிறம் கேமராவை நோக்கி இருக்கும் பூவாகப் பார்த்து அதில் ஃபோகஸ் வையுங்கள். எல்லாப் பூவும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கொத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கம்பமும் கம்பியும்: உங்களுக்கும் மரத்துக்கும் நடுவில் இருப்பவற்றைத் தள்ளுவது எளிது. கம்பம் கிட்டத்தில் இருப்பதால் நீங்கள் இரண்டடி நகர்ந்தாலே அது வெகுதூரம் நகரும். மரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். கம்பி தலைக்கு மேல் போனால், அதைக் கடந்து மரத்தின் பக்கம் போய்விடுங்கள். மரத்துக்குப் பின்னால் ஓடும் கம்பிதான் தொல்லை. அதைப் பூக்களே மறைக்கும் கோணம் கிடைக்கும் வரை பக்கவாட்டில் நடந்து பார்க்க வேண்டும்.

நேரம், காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை. நம் நாட்டில் பத்து மணிக்கெல்லாம் வெயில் உச்சியை நோக்கி ஏறிவிடுகிறது. அதன்பின் மரத்தின் மேற்புறம் வெளுத்து, அடிப்புறம் கறுத்து, நடுவே ஒன்றும் மிஞ்சாது. தெக்கோமா இதழ் மெல்லியது. சூரியனுக்கு எதிரே நின்று, சூரியனை அடிமரத்துக்குப் பின்னால் மறைத்து எடுத்தால் இதழ் ஒளியை உள்வாங்கிக் காட்டும். லென்ஸை முதலில் துடையுங்கள். விரல் ரேகை படிந்த லென்ஸில் எதிர்வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். கார்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சனிக்கிழமை காலையில் போங்கள்.

கோயில் பக்கத்துக் கொன்றை மரத்தை டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுக்கிறேன். 18-55 லென்ஸும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. மஞ்சள் ஒரே தட்டையாக வருகிறது. இதழில் கோடு, மடிப்பு எதுவும் தெரிவதில்லை. பின்னால் கோபுரமும் வர வேண்டும் என்று ஆசை. பாலரைசர் வாங்கலாமா? – கல்லூரி மாணவர்

மஞ்சள் தட்டையாவதற்குக் காரணம், சிவப்புச் சேனல் நிரம்பி வழிவது. கேமரா திரையில் வெள்ளைநிற ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். முட்டுவது நிற்கும் வரை எக்ஸ்போஷரை இறக்குங்கள், பெரும்பாலும் –0.7 போதும். ஜேபெக்கோடு ரா கோப்பும் (கேமரா பதிந்த மூலத் தரவும்) சேமியுங்கள். படவகையை, நிறத்தைக் கூட்டிக் காட்டும் ‘விவிட்’டில் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். கொன்றைக்கு அது நஞ்சு.

இனி கொத்து. கொன்றைக் கொத்து ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை தொங்கும். காம்புப் பக்கம், அதாவது மேலே உள்ள பூக்கள் முதலில் விரியும். நுனியில் உருண்டை மொட்டுகள் காத்திருக்கும். மேலே அகன்று கீழே கூர்ந்து வரும் அந்த வடிவமே படத்துக்குப் போதிய அமைப்பைத் தந்துவிடுகிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மொட்டு நுனிக்குக் கீழே தாராளமாக இடம் விடுங்கள், பக்கவாட்டில் குறைவாக விட்டாலும் பாதகமில்லை. மேலே இரண்டே வழி: கொத்து கிளையிலிருந்து புறப்படும் இடத்தைக் காட்டுங்கள், அல்லது துணிந்து கொத்தின் நடுவிலேயே வெட்டுங்கள். கிளைக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டினால் தவறிப்போய் வெட்டியது மாதிரி இருக்கும்.

முழுதாக விரிந்த, நுனியில் மொட்டே இல்லாத கொத்தைத் தேடி அலையாதீர்கள். அந்த நிலைக்கு வருவதற்குள் மேற்பூக்கள் உதிர ஆரம்பித்திருக்கும். கீழ் மூன்றில் ஒரு பங்கு மொட்டாக இருக்கும் கொத்துதான் எடுப்பாக இருக்கும்.

ஃபோகஸ் எங்கே என்று கேட்டால், ஒரு பூவைக் கூர்ந்து பாருங்கள். பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கி போல வளைந்து வெளியே வரும். உங்களை நோக்கி வளைந்திருக்கும் அந்த மூன்றில் ஃபோகஸ் வையுங்கள். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கும்போது எஃப் 1.8-இல் கூர்மையாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு பூ தெளிந்தால் அடுத்தது மங்கும். எஃப் 2.8-இல் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர், எஃப் 5.6-இல் எட்டுக்குச் சற்று மேல். கொத்தின் முன்பாதி தெளிவாக இருக்க எஃப் 5.6 வேண்டும்.

இங்கேதான் கோபுரம் குறுக்கே வருகிறது. எஃப் 8, எஃப் 11 என்று போனால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் அரைகுறையாகத் தெரிய ஆரம்பிக்கும்; அந்த வண்ணக் கும்பலுக்கு முன்னால் கொன்றை தோற்றுப்போகும். எஃப் 2.8-இல் கோபுரத்தின் முக்கோண வடிவம் மட்டும் நின்று, சிற்பங்கள் கரைந்துவிடும். ஆகவே கோபுரம் வேண்டுமென்றால் எஃப் 2.8, ஒரு பூ தெளிந்தாலும் போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கோபுரம் வேண்டாமென்றால் எஃப் 5.6, பின்னணிக்கு நிழலான இலைத்திரள் ஒன்றைத் தேடுங்கள். கொத்தும் கோபுரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டாம். கொத்து வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் தொங்கினால், கலசம் இடப்பக்கம் அதைவிடத் தாழ்வாக வரட்டும்.

தொங்கும் கொத்து இலேசான காற்றுக்கும் ஆடும். ஷட்டர் வேகம் 1/320 நொடிக்குக் கீழே போகாதீர்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) 400, 800 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். ஊசலின் இரு கோடியிலும் கொத்து ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் தொடர்ச்சியாக நாலைந்து சொடுக்குங்கள்.

லென்ஸின் முன் மாட்டும் பாலரைசர் ஃபில்டர் இப்போதைக்கு வேண்டாம். அது இலையின் பளபளப்பை நீக்கும், நீல வானத்தை அடர்த்தியாக்கும்; ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) தின்றுவிடும். ஆடும் கொத்துக்கு 1/320 வேண்டும் என்று இப்போதுதானே சொன்னோம். மழைக்குப் பின் இலை அடர்ந்த மரங்களை எடுக்கும்போது அதற்கு வேலை வரும்.

அங்சானா பூக்கள் சாலையெங்கும் மஞ்சளாக உதிர்ந்து கிடப்பதை எடுக்க ஆசை. நான் போவதற்குள் மோட்டார் சைக்கிள்கள் ஏறிக் கசக்கிவிடுகின்றன. – இல்லத்தரசி

அங்சானா பூ ஒரே நாள்தான். மொட்டுகள் சேர்ந்து காத்திருந்து, மழை போன்ற ஒரு தூண்டுதல் கிடைத்ததும் சுற்றுவட்டார மரங்கள் எல்லாம் ஒரே நாளில் விரியும். மறுநாள் தரையில் கிடக்கும். இன்று மரம் மஞ்சளாகத் தெரிந்தால், நாளைக் காலை விடிந்ததும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். போக்குவரத்துள்ள சாலையை விட்டுவிட்டு, திடலோரத்தில் அல்லது லயத்துப் பின்பக்கத்தில் நிற்கும் மரமாகப் பாருங்கள்.

நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் மஞ்சள் பொட்டுகள்தான் கிடைக்கும். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வருமாறு பிடியுங்கள். பூக்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தெரிந்து தரையே மூடினாற்போல் ஆகும். கிட்டப் பூவிலிருந்து இருபத்தைந்து, முப்பது சென்டிமீட்டராவது தள்ளி ஃபோகஸ் வையுங்கள். அதைவிட நெருங்கினால் பல கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் தடுமாறும். வெறும் பூவிரிப்பு மட்டும் இருந்தால் கண் எங்கே போவது என்று தெரியாமல் திரும்பிவிடும். பின்னால் அடிமரமோ ஒரு சைக்கிளோ, ஏதாவது ஒன்று மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். ஒன்று போதும்.

முப்பது வருடம் பால் வெட்டியவன் நான். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் சமயத்தில் பூக்கும் பூவை யாரும் படமெடுத்து நான் பார்த்ததில்லை. பேரனின் கேமராவை வைத்து எடுக்க முடியுமா? – ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி

தாராளமாக எடுக்கலாம் ஐயா. யாரும் எடுக்காததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல: பூ பொடிசு, இதழே கிடையாது, வெளிர்மஞ்சள், அதுவும் உச்சிக் கிளை நுனியில். நிரைக்குள் நின்று அண்ணாந்து எடுத்தால் வானத்தின் வெளிச்சத்தில் காணாமல் போகும். தோட்டத்தின் ஓரத்தில், சாலையைப் பார்த்துக் கிளை தாழ்ந்த மரத்தையோ, மேட்டுச் சரிவில் நின்றால் கண்மட்டத்துக்கு வரும் பள்ளத்து மரத்தையோ பாருங்கள். துளிர் செம்பு நிறத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இலை பச்சை பிடித்துவிட்டால் பூ அதில் கலந்துவிடும். செம்புத் துளிரும் அதன் அடியில் பூங்கொத்தும் சேர்ந்த ஒரு நுனி, பின்னால் நிழலான அடிமரங்கள், பக்கவாட்டில் காலை வெயில். 200 மி.மீ. அளவுள்ள லென்ஸ் இருந்தால் வசதி. பேரனிடம் 55-250 மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பூ சரியாக அமையாவிட்டால் நிரையை எடுங்கள். இரண்டு நிரைகளுக்கு நடுவே சரியாக மையத்தில் நிற்பதுதான் எல்லோரும் எடுக்கும் படம். ஒரு நிரையை ஒட்டி, முதல் மரம் ஃபிரேமின் ஓரத்தில் பெரிதாக வருமாறு நின்று பாருங்கள். வெட்டுப்பட்டை எல்லா மரத்திலும் இடது மேலிலிருந்து வலது கீழாக ஒரே சாய்வில் இறங்குகிறது அல்லவா? மரத்துக்கு மரம் அந்தச் சாய்வும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும் சிறுத்துக்கொண்டே போவது தெரியும். வெட்டுமுகம் உங்களைப் பார்க்கும் பக்கமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். மறுபக்கம் போனால் வெறும் மரங்கள்தான் இருக்கும். தரையில் காய்ந்த சருகு மூன்றில் ஒரு பங்கு, மேலே துளிர் மூன்றில் ஒரு பங்கு. வானத்தை எட்டிப்பார்க்க விடாதீர்கள். பழைய தோட்டமே ஆனாலும் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இப்போது காவலுக்கு இருப்பவருக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம்.

செமாராக் அப்பி (செம்மயிற்கொன்றை) மரத்தடியில் அம்மா அப்பாவை நிற்க வைத்து எடுத்தேன். முகம் இருட்டு, பூவோ தூரத்தில் சிவப்புப் புள்ளி. – ஒரு மகள்

இரண்டு குறைக்கும் காரணம் நிற்க வைத்த இடம். மரத்தடி நிழலுக்குள் இருப்பவர்களின் முகம் இருளும், தலையில் வெயில் திட்டு விழும், மேலே உள்ள பூவும் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். அவர்களை மரத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் முன்னால், வேறொரு நிழலின் விளிம்பில் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வையுங்கள். பிறகு நீங்கள் பின்னால் போங்கள். 1எக்ஸில் மூன்று மீட்டரிலிருந்து எடுப்பதும் 3எக்ஸில் ஒன்பது மீட்டரிலிருந்து எடுப்பதும் ஆள் அளவில் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் பின்னால் உள்ள மரம் இரண்டு மடங்குக்கும் சற்றுப் பெரிதாகத் தெரியும். செமாராக் அப்பி உயரத்தைவிட அகலமாகப் பரவும் மரம் என்பதால் படுக்கைவாட்டில் எடுங்கள். அம்மா அப்பா ஓரத்தில், பூங்குடை மீதி இடம் முழுக்க. பூவின் சிவப்பும் கொன்றை மஞ்சள் போலவே நிரம்பி வழியும், ஆகவே –0.7. முகம் இருண்டால் பின்பு திருத்தும்போது அதை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். வழிந்துபோன சிவப்பை மீட்க முடியாது. அம்மாவின் சேலை சிவப்பாக வேண்டாம். மயில் நீலமோ கரும்பச்சையோ இருந்தால் எடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

போர்ட்ரெயிட் மோடில் எடுத்தால் சில இதழ்கள் பாதி மங்கி விடுகின்றனவே? – வாசகர்

கைப்பேசி பின்னணியை மங்கலாக்குவது பெரும்பாலும் மென்பொருள் கணக்கால். மனித முகத்தின் எல்லையை அது நன்றாகக் கண்டுபிடிக்கும். மெல்லிய காம்பு, மகரந்தத்தாள், கிளை இடுக்கு இவற்றில் ஏமாந்துவிடும். பூவுக்கு அந்த மோடே வேண்டாம். 2எக்ஸ் அல்லது 3எக்ஸில், லென்ஸ் ஃபோகஸ் செய்யும் அளவுக்கு நெருங்கி, பின்னணி ஐந்தாறு மீட்டராவது தள்ளி இருக்கும்படி எடுங்கள். இயல்பாகவே மங்கும்.

பூ மேல் தண்ணீர் தெளித்து எடுக்கலாமா? – அதே வாசகர்

தெளிக்கலாம், தப்பில்லை. ஆனால் உச்சி வெயிலில் துளி நிற்கும் படத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், காலையில் செய்யுங்கள். கிளையை உலுக்குவதும் ஒடிப்பதும் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரும் அந்த மரத்தைத்தான் எடுக்கப் போகிறார்.

கைப்பேசியில் நன்றாக இருந்த படத்தை 4ஆர் அளவில் பிரிண்ட் போட்டால் மரத்தின் உச்சி வெட்டுப்படுகிறது. கடைக்காரர் தவறா? – ஓர் ஆசிரியை

அவர் மேல் தவறில்லை. உங்கள் கைப்பேசிப் படம் 4:3 விகிதம். 4ஆர் தாள் 6 அங்குலத்துக்கு 4, அதாவது 3:2. தாளை நிரப்ப வேண்டுமானால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே ஆக வேண்டும். படுக்கைவாட்டுப் படமானால் அது மேலும் கீழும் போகும். உச்சி முட்டிக்கொண்டிருந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விடுங்கள். இல்லையென்றால் கைப்பேசியிலேயே 3:2-க்கு நீங்களாக வெட்டி, எது போக வேண்டும் என்று முடிவு செய்த பிறகு கடைக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். ‘டாக்குமெண்ட்’ஆக இணைத்து அனுப்பினால் முழு அளவும் போய்ச் சேரும்.